ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கு

ஜவுளிக் கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் ஊரெல்லாம் தெரியும். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நோட்டீஸ் வீடு தேடி வந்துவிடும். துப்பாக்கிக் கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் அப்படி யாரும் தண்டோராப் போடுவதில்லை. கடைக்காரருக்குத் தெரியும், சுங்க இலாகாவுக்குத் தெரியும், போலீஸாருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே க்ஷேமம் என்பது சர்க்காரின் கருத்து.

ஆனால், 1914-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், கல்கத்தா நகரத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு வந்த புதுச் சரக்கைப் பற்றி, தெரியக் கூடாத சிலருக்கும் தெரிந்துவிட்டது. அதிலிருந்து பிறந்த காரியங்கள் ஒரிஸ்ஸாவின் காட்டுக்கும், டில்லி சட்டசபைக்கும், நமது சென்னைக் கதீட்ரல் ரோடுக்கும், கடைசியில் பஞ்சாபுக்கும் போய்ச் சேர்ந்தன. ஐம்பது கைத்துப்பாக்கிகள் இவ்வளவு தூரம் பிரயாணம் செய்த கதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதில் வீரமும் இருக்கிறது. நாம் நின்று யோசிக்க வேண்டிய விஷயமும் இருக்கிறது.

ஆயுதமில்லாத ஆயுத பூஜை

நவராத்திரியில் நமது வீடுகளில் ஆயுத பூஜை நடக்கிறது. பேர் என்னவோ ஆயுத பூஜை. ஆனால் நாம் பூஜையில் வைப்பவை அரிவாள்மணை, தராசு, கணக்குப் புத்தகம், பேனா ஆகியவைதான். உழைக்கும் கருவியை வணங்குவது மிகவும் அழகான வழக்கம் என்பதில் சந்தேகமில்லை. எனினும் மெய்யான ஆயுதத்தைப் பூஜையில் வைக்க ஆசைப்பட்டாலும் வைக்க முடியாத காலம் ஒன்று இருந்தது.

1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபு ராஜப் பிரதிநிதியாக இருந்தபோது இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, இந்திய பாஷைகளில் வெளியான பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று, இந்தியர்களின் கையைக் கட்டிய ஆயுதச் சட்டம். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்திலேயே ரத்தாகிவிட்டது. ஆயுதச் சட்டமோ ஆங்கில ஆட்சி இருந்தவரையில் நிலைத்து நின்றது. அச்சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கு லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கோ அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. உலக மகாயுத்தம் முடிந்த பிறகுதான் இந்த நிறபேதம் சட்ட விதிகளிலிருந்து நீங்கிற்று.

இந்த அவமானத்தைப் படித்த இந்தியர்கள் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை. 1887-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில், நமது சென்னைப் பட்டணத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அப்போது இருபத்தொன்பது வயது இளைஞராயிருந்த விபின சந்திர பாலர் எழுந்து, ஆயுதச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஆவேசத்துடன் பேசினார். சட்டத்தைத் தளர்த்தும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானமும் நிறைவேறியது. சர்க்கார் காது கொடுக்கவில்லை.

1918-ல் குஜராத்தின் கேடா ஜில்லாவில், யுத்தத்துக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்ட காந்தி மகான் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். ஒரு தேசத்து மக்கள் அனைவரிடமிருந்தும் ஆயுதத்தைப் பறித்த அந்தச் சட்டத்தை, ஆங்கிலேயர் இந்தியாவில் செய்த தீச்செயல்களில் மிகவும் கறுத்த ஒன்றாகச் சரித்திரம் கருதும் என்பது அதன் கருத்து. அஹிம்சையையே விரதமாகக் கொண்டவர் இப்படி எழுதியது சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். ஆயுதம் எடுக்க முடியாதவன் "எடுக்க மாட்டேன்" என்று சொல்வதில் பெருமை என்ன இருக்கிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

கள்ள வழியும் கடை வழியும்

சட்டம் கதவை அடைத்ததும், சில வாலிபர்கள் சுவரேறிக் குதிக்கும் வழியைத் தேடினார்கள். 1909-ம் வருஷத்தில் லண்டனிலிருந்து ஸாவர்க்கர், இருபது பிரௌனிங் பிஸ்டல்களைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று அவ்வருஷம் டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸனின் உயிரை வாங்கிற்று. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை மீது வாஞ்சிநாதன் பிரயோகித்ததும் பிரௌனிங் பிஸ்டல்தான். அதே பிஸ்டலால் வாஞ்சி தன் உயிரையும் போக்கிக்கொண்டார்.

இப்படிக் கள்ளத்தனமாக வருபவை ஒன்று, இரண்டு, மிஞ்சினால் இருபது. ஆனால் துப்பாக்கிக் கடைக்காரருக்குச் சட்டப்படியே, கப்பலில், பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறதல்லவா? வங்காளத்து இளைஞர்களின் கண் அங்கே சென்றது.

கல்கத்தாவில் டல்ஹௌஸி சதுக்கத்தின் அருகே, வான்ஸிட்டார்ட் ரோ என்னும் சிறு தெருவில், ஆர். பி. ரோடா கம்பெனியின் கிடங்கு இருந்தது. துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சீமையிலிருந்து தருவித்து விற்பதில் பெயர் பெற்ற கம்பெனி அது. வேட்டைப் பிரியரான துரைமார்களும், ராஜாக்களும், ஜமீன்தார்களும் நாடுகிற கடை. சாதாரண இந்தியர்கள் அந்தக் கடைக்குள் நுழைய ஒரே வழிதான் உண்டு. அது குமாஸ்தாவாக நுழைவது.

அப்படி நுழைந்தவர்களில் ஒருவர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா. நண்பர்களுக்கு அவர் "ஹாபு". துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைச் சுங்க ஆபீஸில் தீர்வை கட்டி விடுவித்து, வண்டியில் ஏற்றிக் கிடங்கில் சேர்ப்பிப்பது அவருடைய வேலை. அவ்வேலையை அவர் ஒழுங்காகச் செய்துவந்தார். முதலாளிகளுக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது. அதே சமயம், விபின் பிஹாரி கங்குலி என்பவரைத் தலைவராகக் கொண்ட "ஆத்மோன்னதி சமிதி" என்ற புரட்சிக் கூட்டத்தாரோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. இது முதலாளிகளுக்குத் தெரியாது.

என்ன சரக்கு?

அந்த ஆகஸ்டு மாதத்தில் "டாக்டீஷியன்" என்ற கப்பலில் ரோடா கம்பெனிக்கு ஒரு பெரிய சரக்கு வந்தது. அதில் ஐம்பது மௌஸர் பிஸ்டல்கள் இருந்தன.

மௌஸர் பிஸ்டல் ஜெர்மனியில் ஓபெர்ன்டார்ப் என்ற ஊரில் செய்யப்பட்டது. மற்றக் கைத்துப்பாக்கிகளில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளோ சுழலும் உருளையிலோ இருக்கும். இதிலோ விசைக்கு முன்புறத்தில் ஒரு சிறு பெட்டி போன்ற அறை உண்டு. பத்துத் தோட்டாக்கள் கோத்த ஒரு தகட்டை மேற்புறமாகச் செருகி அழுத்தினால் அறை நிரம்பிவிடும். எடை ஒரு கிலோவுக்கு மேல். குண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு. சிறிய குண்டுதான், ஆனால் மிகுந்த வேகமுள்ளது. எல்லாவற்றிலும் விசேஷம் அதன் உறை. மரத்தால் கடைந்த அந்த உறையைப் பிஸ்டலின் கைப்பிடியோடு பொருத்திவிட்டால், தோளில் ஊன்றிச் சுடும் சிறு ரைபிளாக அது மாறிவிடும்.

1898-ம் வருஷத்தில், ஸூடான் தேசத்து ஓம்டுர்மான் போரில், இளம் பட்டாள உத்தியோகஸ்தர் ஒருவர் இந்த மௌஸரைக் கையில் பிடித்துக் குதிரை மீது பாய்ந்து சென்றார். அவர் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். பிற்காலத்தில் இந்தியாவின் விடுதலைக்குக் குறுக்கே நின்ற அதே சர்ச்சில்தான்.

சரக்கு வந்த சமயத்தையும் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு 4-ந் தேதி பிரிட்டன் ஜெர்மனியின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. மூன்று வாரம் கழித்து, ஜெர்மானியர் செய்த பிஸ்டல்கள் பிரிட்டிஷாரின் கல்கத்தா சுங்க ஆபீஸில், பிரிட்டிஷாரின் பூட்டுக்குள், சட்டப்படி தீர்வைக்காகக் காத்திருந்தன!

ஏழாவது வண்டி

ஆகஸ்டு 26-ந் தேதி புதன்கிழமை. ஸ்ரீஷ் மித்ரா வழக்கம்போல் சுங்க ஆபீஸுக்குச் சென்றார். அவரோடு ஏழு மாட்டு வண்டிகள் சென்றன. ஏழாவது வண்டியை ஓட்டியவர் ஹரிதாஸ் தத்தா என்ற டாக்கா புரட்சிக் கூட்டத்து வாலிபர். வடநாட்டு வண்டிக்காரனைப் போல் வேஷம் தரித்து, தார்க்குச்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அன்று விடுவிக்கப்பட்ட பெட்டிகள் 202. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. ஆறு வண்டிகள் வான்ஸிட்டார்ட் ரோவுக்குச் சென்று 192 பெட்டிகளை இறக்கின. ஏழாவது வண்டி மட்டும் வழியில் பிரிந்து, பௌபஜார் பக்கம் திரும்பி, மலங்கா லேன் என்ற சந்துக்குள் புகுந்தது. பட்டப் பகல். தெருவில் ஜன நடமாட்டம். மாட்டு வண்டியில் பெட்டிகள் போவதை யார் அதிசயமாகப் பார்க்கப் போகிறார்கள்?

கிடங்கில் 192 பெட்டிகளையும் ஒப்புவித்த குமாஸ்தா, "பாக்கிப் பத்துப் பெட்டிகளையும் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கிளம்பியவர் திரும்பி வரவே இல்லை. முதலாளிகள் மூன்று நாள் காத்திருந்தார்கள். குமாஸ்தாவின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை! அதன் பிறகுதான் போலீஸுக்குச் செய்தி போயிற்று. அதற்குள் பத்துப் பெட்டிகளும் உடைக்கப்பட்டு, உள்ளிருந்தவை பல வீடுகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டன. ஐம்பது மௌஸர் பிஸ்டல்கள். அவற்றுக்கு 46,000 தோட்டாக்கள். பிஸ்டல் ஒன்றுக்கு 920 தோட்டாக்கள் வீதம் ஆகிறது.

ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. பாண்டவர்கள் வன்னி மரத்தில் ஆயுதங்களை ஒளித்துவைத்ததைப் பாரதத்தில் படித்திருக்கிறோம். வங்காளத்து வாலிபர்கள் அன்றைக்குக் கல்கத்தாவின் சந்து பொந்துகளையெல்லாம் வன்னி மரமாக்கிவிட்டார்கள்.

சம்பந்தப்பட்டவர்களில் பலர் பின்னர் பிடிபட்டுச் சிறை புகுந்தார்கள். ஸ்ரீஷ் மித்ரா மட்டும் பிடிபடவில்லை. அவரை முதலில் ரங்கபுரம் ஜில்லாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர் கிழக்கு எல்லையின் மலைக் காடுகளை நோக்கிச் சென்றார். அப்புறம் அவரைக் கண்டவர் இல்லை. சம்பளம், குடும்பம், பெயர், ஊர் எல்லாவற்றையும் ஒரே பகலில் துறந்த அந்தக் குமாஸ்தாவுக்கு என்ன முடிவு நேர்ந்தது என்பதைச் சரித்திரம் பதிவு செய்யவில்லை. இந்தக் கதையில் நமது மனத்தை மிகவும் வாட்டுவது இதுவேயாகும்.

ஐம்பது கைகள்

பிஸ்டல்களில் நாற்பத்து நான்கு வெகு சீக்கிரத்தில் வங்காளத்தின் ஒன்பது புரட்சிக் கூட்டங்களுக்குப் பங்கிடப்பட்டன. அதற்குப் பிறகு நடந்த கொள்ளை, கொலை, அவற்றுக்கான முயற்சி ஆகியவற்றில் ஐம்பத்து நான்கு சம்பவங்களில் இந்த மௌஸர்கள் உபயோகிக்கப்பட்டதாகச் சர்க்கார் பிற்பாடு கணக்கெடுத்தது. போலீஸார் வங்காளமெங்கும் சல்லடை போட்டுச் சலித்து, 1918-க்குள் முப்பத்தொரு பிஸ்டல்களைத் திரும்பக் கைப்பற்றினர்.

மௌஸரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது பாலஸோர். "பாகா ஜதீன்" என்று பெயர் பெற்ற ஜதீந்திரநாத் முகர்ஜி, ஜெர்மனியின் உதவியோடு கப்பலில் வரவிருந்த ஆயிரக்கணக்கான ரைபிள்களை எதிர்பார்த்து ஒரிஸ்ஸாக் கரையோரத்தில் காத்திருந்தார். அந்த ஆயுதங்கள் வந்து சேரவில்லை. போலீஸார் வந்து சேர்ந்தனர். 1915-ம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, புடிபாலாம் நதிக்கு அருகே ஒரு மேட்டில், ஜதீனும் அவருடைய நான்கு தோழர்களும் மௌஸர் பிஸ்டல்களோடு நின்று, ரைபிள்களோடு வந்த ஆயுதப் படையை எதிர்த்துப் போரிட்டார்கள். சித்தப்பிரிய ராய் சௌதுரி அங்கேயே மாண்டார். படுகாயமுற்ற ஜதீன் மறுநாள் பாலஸோர் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். மனோரஞ்சனும் நீரேனும் தூக்குமேடை ஏறினர். ஜோதிஷ் பால் தீவாந்தரம் அனுப்பப்பட்டார். ஐவரில் ஒருவராவது சுதந்திர இந்தியாவைக் காணவில்லை.

இத்தகைய தியாகத்தைப் படிக்கும்போது நமது தலை தானே வணங்குகிறது. ஆயினும், ஐம்பத்து நான்கு சம்பவங்களும் பாலஸோர் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புரட்சிக்குப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்காகக் கொள்ளையிடப்பட்டவை பெரும்பாலும் இந்தியர்களின் வீடுகளே. சுடப்பட்ட போலீஸ் உத்தியோகஸ்தர்களும் பெரும்பாலும் இந்தியர்களே. துரைமார்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். குண்டின் எதிரே வந்து நின்றவன் சம்பளத்துக்கு உழைத்த நம்மவன். 1925-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி நடந்த காகோரி ரயில் சம்பவத்தில், சர்க்கார் பணத்தைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை என்ற உறுதியோடுதான் தேசபக்தர்கள் வண்டியை நிறுத்தினார்கள். எனினும் கை தவறி வெடித்த ஒரு மௌஸர் குண்டு, ஒரு பாவமும் அறியாத பிரயாணி ஒருவரைக் கொன்றுவிட்டது. சுட்ட வாலிபர் மனமாரச் செய்ததல்ல. ஆனால் விசையை விட்டு விரல் எடுத்த பிறகு, குண்டு யார் சொல்லையும் கேட்பதில்லையே!

ரவுலட் துரையின் கணக்கு

மேலே நாம் கூறிய 202, 192, 44, 54, 31 என்ற கணக்கெல்லாம் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? ரவுலட் கமிட்டியின் அறிக்கையிலிருந்துதான்.

1917-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இந்தியாவில் ராஜத்துவேஷச் சதிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று விசாரிப்பதற்காக, நீதிபதி ஸிட்னி ரவுலட் என்பவரின் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டது. அங்கத்தினர்களில் இருவர் இந்தியர். அந்த இருவரில் ஒருவர் நமது சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஸி. வி. குமாரசாமி சாஸ்திரி. 1918 ஏப்ரலில் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. வங்காளப் புரட்சியின் வளர்ச்சியில் ரோடா கம்பெனிப் பிஸ்டல்கள் களவு போனதை மிகப் பெரிய முக்கியத்துவம் வாய்ந்த சம்பவமாக அவ்வறிக்கை வர்ணித்தது.

இத்தனையையும் கணக்கிட்ட கமிட்டி, முடிவில் என்ன மருந்து கூறிற்று? துப்பாக்கிக் கிடங்குக்கு நல்ல பூட்டுப் போடச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. யுத்த காலத்துக்கென்று ஏற்பட்ட அசாதாரண அதிகாரங்கள் யுத்தம் முடிந்த பிறகும் சர்க்காருக்கு வேண்டும் என்றது. சந்தேகத்தின் பேரில் ஒருவரை விசாரணையின்றி அடைத்துவைக்கலாம். ஜூரர்கள் இல்லாமல், அப்பீலுக்கும் இடமில்லாமல் விசாரிக்கலாம். ஐம்பது பிஸ்டல்களுக்கு அஞ்சிய சர்க்கார், முப்பது கோடி ஜனங்களின் கழுத்தில் சுருக்கைப் போட்டது. ரோடா களவு மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பஞ்சாபிலும் பிற இடங்களிலும் நடந்த சதிகளையும் கமிட்டி ஆராய்ந்தது. ஆனால் பயமுறுத்தி எழுதுவதற்கு அந்தப் பத்துப் பெட்டிகளைப்போல் வாகான சாட்சியம் வேறு கிடைப்பது அரிது.

டில்லி சட்டசபையில் இந்திய அங்கத்தினர்கள் மசோதாவை எதிர்த்தார்கள். மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் பேசிய கண்டனப் பிரசங்கம் பிரசித்தமானது. காந்திஜி அன்றைக்குச் சபையில் பார்வையாளராக உட்கார்ந்து அதைக் கேட்டார். சர்க்கார் மட்டும் அசையவில்லை. 1919 மார்ச்சில் மசோதா சட்டமாயிற்று.

கதீட்ரல் ரோடில் ஒரு விடியற்காலை

அந்த மார்ச்சு மாதத்தில் காந்திஜி சென்னைக்கு வந்திருந்தார். கதீட்ரல் ரோடில் கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமான வீட்டில் ராஜாஜி குடியிருந்தார். அங்கேதான் காந்திஜி தங்கினார். சட்டம் நிறைவேறிவிட்டது என்ற செய்தி வந்தது. என்ன செய்வது என்று ஓயாமல் யோசனை. மறுநாள் விடியற்காலையில், தூக்கமும் விழிப்பும் கலந்த நிலையில், அவர் மனத்தில் ஓர் எண்ணம் உதித்தது. நாடு முழுவதும் ஒரு நாள் ஜனங்கள் வேலையை நிறுத்தி, உபவாசம் இருந்து, பிரார்த்தனை செய்ய வேண்டும். அதை முதன்முதலாக ராஜாஜியிடம் சொன்னார். ராஜாஜி அப்போதே ஆமோதித்தார்.

முதலில் மார்ச் 30-ந் தேதி என்று குறித்து, பிறகு ஏப்ரல் 6-ந் தேதிக்கு மாற்றினார்கள். மாற்றிய செய்தி சரியான காலத்தில் எட்டாததால் டில்லியில் 30-ந் தேதியே ஹர்த்தால் நடந்துவிட்டது. போலீஸார் சுட்டார்கள், உயிர்ச் சேதம் ஏற்பட்டது. அன்றைக்குச் சாந்தினி சவுக்கில் கூர்க்கா சிப்பாய்கள் துப்பாக்கிச் சனியனை நீட்டியபோது, காவியுடுத்த சுவாமி சிரத்தானந்தர் கூட்டத்துக்கு முன்னால் வந்து, தமது மார்பைத் திறந்து காட்டி நின்றார். சிப்பாய்கள் சுடவில்லை.

ஏப்ரல் 6-ந் தேதி பட்டணங்களில் மட்டுமின்றிக் கிராமங்களிலும் கடைகள் மூடின. மௌஸர் பிஸ்டல் கிடைத்தது ஐம்பது பேருக்கு. உபவாசம் இருப்பதற்கும் கடையை மூடுவதற்கும் லைசென்ஸ் தேவையில்லை. சுங்க ஆபீஸில் தீர்வை கட்ட வேண்டியதில்லை. அதில் பெண்களும் சேரலாம், கிழவர்களும் சேரலாம். ஐம்பது பேர் செய்த வீரச் செயல் முப்பது கோடிப் பேர் பங்கு கொள்ளக் கூடிய செயலாக மாறிய தினம் அதுதான்.

அது விலையில்லாமல் கிடைக்கவில்லை. ஏப்ரல் 13-ந் தேதி அமிருதசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக்கில், தப்பி ஓட வழியற்ற கூட்டத்தின் மேல் ஜெனரல் டயரின் சிப்பாய்கள் சுமார் பத்து நிமிஷ நேரம் சுட்டார்கள். செலவான குண்டுகள் 1,650. இறந்தவர்கள் 379 பேர் என்பது சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கு; உண்மையில் இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்றே ஜனங்கள் கூறினர். பிரிட்டிஷ் நீதியின் மேல் இருந்த நம்பிக்கை அந்த மைதானத்திலேயே மடிந்தது. ரவுலட் சட்டத்தை ஒரு தடவையாவது பிரயோகிக்கச் சர்க்காருக்குத் துணிவு உண்டாகவில்லை. 1922-ல் அது ரத்தாயிற்று.

சுதந்திர நாட்டில்

1931-ல் கராச்சி காங்கிரஸ் வகுத்த ஜீவாதார உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது. ஐம்பது வருஷ அவமானத்துக்கு அது பதில். ஆனால் 1948 டிசம்பரில், அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அந்த வருஷம் ஜனவரி 30-ந் தேதி, டில்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனை மைதானத்தில் ஒரு பெரெட்டா பிஸ்டல் மூன்று முறை வெடித்ததைத் தேசம் மறந்திருக்கவில்லை. சுட்டவன் ஓர் இந்தியன். மார்பில் குண்டை ஏற்றவர் காந்திஜி.

லிட்டன் பிரபுவின் சட்டத்துக்குப் பதிலாக 1959-ல் நமது பார்லிமெண்டு புதிய ஆயுதச் சட்டம் செய்தது. அதிலும் லைசென்ஸ் உண்டு. ஆனால் தோல் நிறத்தைப் பார்த்து விலக்களிப்பது இல்லை. 2019-ல் செய்த திருத்தத்தின்படி, சாதாரணமாக ஒருவர் வைத்துக்கொள்ளக் கூடிய துப்பாக்கிகளின் தொகை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.

நாட்டிலே கைத்துப்பாக்கிகளைச் செய்யும் தொழிற்சாலைகளும் ஏற்பட்டுவிட்டன. 2014-ல் கான்பூரில் சர்க்கார் தொழிற்சாலை ஒன்று, பெண்களின் கைக்கு ஏற்றதென்று, சுமார் அரைக் கிலோ எடையுள்ள ரிவால்வர் ஒன்றை வெளியிட்டது. டில்லியில் 2012-ல் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நினைத்து, "அச்சமற்ற" என்று பொருள்படும் "நிர்பீக்" என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள். அப்போது அதன் விலை சுமார் 1,22,000 ரூபாய். ஒரு பெண் அச்சமின்றி நடப்பதற்கு இவ்வளவு பணமும் ஒரு லைசென்ஸும் தேவைப்படுமானால், பணமில்லாத பெண்கள் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? ரோடா கம்பெனிப் பெட்டிகளைப் போலவே இங்கும் கணக்கு உதைக்கிறது. பிஸ்டல் ஒரு சமயத்தில் ஒரு கைக்குத்தான் சொந்தம்.

நாம் ஸ்ரீஷ் மித்ராவையோ, ஜதீனையோ, வாஞ்சியையோ குறைத்துச் சொல்ல வரவில்லை. எந்தக் காலத்தில், எத்தகைய சட்டத்தின் கீழ், எவ்வளவு சின்ன வயதில் அவர்கள் துணிந்தார்கள் என்பதை நினைத்தால், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசும் நமக்கு அந்த அருகதை கிடையாது. மலங்கா லேனில் இன்று அவர்களுடைய கூட்டத்தாரின் நினைவுச் சிலைகள் இருக்கின்றன. கல்கத்தாவுக்குப் போகிற நேயர்கள், காளி கோயிலையும் ஹௌரா பாலத்தையும் பார்த்த பிறகு, அந்தச் சந்துக்கும் ஒரு நடை போய் வரலாம். போகும்போது குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஏழாவது வண்டியின் கதையைச் சொல்லுங்கள். கேட்டுக் கை தட்டுவார்கள். அது முடிந்தபின், கதீட்ரல் ரோடு வீட்டின் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.